முதல்வரின் கட்டுரை உங்கள் மேசைக்கு வந்திருக்கக் கூடாது

கேள்வி:

அரசு உதவி பெறும் கல்லூரி ஒன்றில் தாவரவியல் உதவிப் பேராசிரியராக இருக்கிறேன். எங்கள் கல்லூரி ஆண்டுக்கு இருமுறை ஓர் ஆய்விதழ் வெளியிடுகிறது. சென்ற ஆண்டு என்னை அதன் இணைப் பதிப்பாசிரியராகப் போட்டார்கள். இப்போது எங்கள் முதல்வரும் துறைத் தலைவரும் சேர்ந்து எழுதிய கட்டுரை என்னிடம் வந்திருக்கிறது. கட்டுரையைப் படித்துத் தரம் சொல்லும் மதிப்பீட்டாளர் இருவரையும் அவர்களே பரிந்துரைத்தார்கள். இருவருக்கும் ஜிமெயில் முகவரிதான். அனுப்பிய மறுநாளே இரண்டு அறிக்கைகளும் 'ஏற்கலாம்' என்று வந்துவிட்டன. முதன்மைப் பதிப்பாசிரியரிடம் தயங்கித் தயங்கிச் சொன்னேன். "நம்ம சார் பேப்பர்தானே மேடம், போட்டுடலாம்" என்றார். மற்றக் கட்டுரையாளர்களிடம் நம் இதழில் வந்த மூன்று கட்டுரைகளையாவது மேற்கோள் காட்டச் சொல்லுங்கள் என்றும் சொல்கிறார். போன இதழில் வந்த ஒரு கட்டுரை வேறொருவருடையதைப் பார்த்து எழுதியது என்று புகார் வந்தபோது, இணையதளத்திலிருந்து அதைச் சத்தமில்லாமல் எடுத்துவிட்டார்கள். எனக்குத் தகுதிகாண் பருவம் இன்னும் முடியவில்லை. மறுக்கத் துணிவில்லை, கையெழுத்துப் போட மனமும் வரவில்லை. பொறுப்பிலிருந்து விலகிவிடட்டுமா?

(பெயர், ஊர் வெளியிட விரும்பாத வாசகி)

பதில்:

அன்புள்ள பேராசிரியருக்கு,

துணிவில்லை என்று உங்களையே குறை சொல்லிக்கொள்கிறீர்கள். அதை முதலில் விட்டுவிடுங்கள். எவ்வளவு துணிச்சல்காரராக இருந்தாலும், இந்தக் கட்டுரைக்கு முடிவு சொல்லும் இடத்தில் உங்களை உட்கார வைத்திருக்கக் கூடாது. உங்கள் பணி அறிக்கையில் கையெழுத்திடப் போகிறவர் எழுதிய கட்டுரை அது. நீங்கள் ஏற்றால் பயந்து ஏற்றதாகப் பேசுவார்கள். நிராகரித்தால் ஏதோ மனத்தாங்கல் என்பார்கள். கட்டுரை உண்மையிலேயே தரமாக இருந்து, நீங்கள் வரிவரியாகப் படித்து நேர்மையாக ஏற்றிருந்தாலும் அதை ஒருவரிடமும் நிரூபிக்க முடியாது. இதைத்தான் நலன் முரண் என்கிறோம். நலன் முரண் என்று சொன்னாலே யாரோ திருடிவிட்டதாகக் குற்றம் சாட்டுகிறோம் என்று நம் கல்லூரிகளில் பலர் எடுத்துக்கொள்கிறார்கள். நல்லவருக்கும் அது வரும். யாருக்கு யார் மேலதிகாரி, யாரோடு யார் சேர்ந்து எழுதியவர் என்பதை வைத்தே அது முடிவாகிறது.

ஆகவே நீங்கள் செய்ய வேண்டிய முதல் காரியம் மறுப்பதும் அல்ல, ஏற்பதும் அல்ல. இந்த ஒரு கட்டுரையிலிருந்து மட்டும் எழுத்துபூர்வமாக விலகிக்கொள்ள வேண்டும். கடிதம் உங்களைப் பற்றியதாக இருக்கட்டும், முதல்வரைப் பற்றி ஒரு சொல்லும் வேண்டாம். இப்படி எழுதலாம்:

"இக்கட்டுரையின் ஆசிரியர்கள் இருவரும் எனக்கு நிர்வாகத்திலும் துறையிலும் மேலதிகாரிகள். அவர்கள் எழுதியதை நான் கையாள்வது இதழுக்கும் அவர்களுக்கும் பொருத்தமாக இராது. எனவே இக்கட்டுரையின் பொறுப்பிலிருந்து விலகுகிறேன். கல்லூரிக்கு வெளியே உள்ள ஆசிரியர் குழு உறுப்பினர் ஒருவரிடம் இதை ஒப்படைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். இதுவரை வந்த மதிப்பீட்டு அறிக்கைகளை இணைத்துள்ளேன். கட்டுரையாளர்கள் பரிந்துரைக்காத மதிப்பீட்டாளர் ஒருவரிடமாவது புதிதாக அனுப்புவது நல்லது."

இதை மின்னஞ்சலில் அனுப்புங்கள், வாட்ஸ்அப்பில் வேண்டாம். நகல் உங்களிடம் இருக்கட்டும். இந்தக் கடிதத்தைப் படித்துவிட்டுக் கோபப்பட ஒருவருக்கும் காரணம் கிடைக்காது. விதிப்படி நடந்த ஓர் ஊழியர் என்றுதான் உங்கள் கோப்பு காட்டும்.

கடிதத்தில் கல்லூரிக்கு வெளியே என்று எழுதியதற்குக் காரணம் இருக்கிறது. உங்கள் முதன்மைப் பதிப்பாசிரியரும் அதே முதல்வரின் கீழ்தான் வேலை பார்க்கிறார். உங்களுக்கு இருக்கும் சிக்கல் அவருக்கும் உண்டு. பெரிய இதழ்களில் ஆசிரியர் குழுவைச் சேர்ந்தவரே கட்டுரை அனுப்பினால், அதை வேறொரு பதிப்பாசிரியர் கையாள்வார். மதிப்பீட்டாளர் யார், அவர்கள் என்ன எழுதினார்கள் என்பதைக் கட்டுரையாளர் பார்க்க முடியாதபடி மென்பொருளிலேயே அடைத்துவிடுவார்கள். அச்சாகும்போது, இக்கட்டுரையாளர் இதழின் ஆசிரியர் குழுவில் இருப்பவர், மதிப்பீட்டில் அவருக்குப் பங்கில்லை என்று ஒரு வரி சேர்ப்பார்கள். முதல்வர் தம் கல்லூரி இதழில் எழுதவே கூடாது என்று எந்த நெறிமுறையும் சொல்லவில்லை. அவருக்குக் கட்டுப்பட்டவர்களின் கைகள் வழியாக அது அச்சுக்குப் போகக் கூடாது, அவ்வளவுதான்.

"நம்ம சார் பேப்பர்தானே" என்ற வாக்கியத்துக்கு 1936இல் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். ஐன்ஸ்டைனும் அவருடைய உதவியாளர் நேதன் ரோசனும் ஈர்ப்பு அலைகள் இல்லை என்று வாதிடும் கட்டுரை ஒன்றை அமெரிக்காவின் ஃபிசிக்கல் ரிவ்யூ இதழுக்கு அனுப்பினார்கள். அப்போது பதிப்பாசிரியர் ஜான் டேட். உலகமே கொண்டாடிய விஞ்ஞானியின் கட்டுரையை அவர் ஒரு மதிப்பீட்டாளரிடம் அனுப்பினார். பத்துப் பக்கத்துக்குப் பிழைகளைச் சுட்டி அறிக்கை வந்தது. டேட் அதை ஐன்ஸ்டைனுக்கே அனுப்பி, உங்கள் பதில் என்ன என்று பணிவாகக் கேட்டார். அச்சிடும் முன் வேறொருவரிடம் காட்ட நான் அனுமதி தரவில்லையே என்று ஐன்ஸ்டைன் சினந்து எழுதிக் கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். ஆனால் அடுத்த ஆண்டு ஃபிராங்க்ளின் கழகத்தின் இதழில் அது வெளிவந்தபோது அதன் முடிவு மாறியிருந்தது. மதிப்பீட்டாளர் சொன்னதே சரி. அந்த மதிப்பீட்டாளர் ஹோவர்ட் ராபர்ட்சன் என்பது அந்த இதழின் பழைய பதிவேட்டிலிருந்து 2005இல்தான் வெளியே வந்தது. ஏறக்குறைய எழுபது ஆண்டுகள் அந்தப் பெயரை இதழ் காப்பாற்றியிருக்கிறது! பதிப்பாசிரியர் வேலை என்றால் என்ன என்று என்னிடம் யார் கேட்டாலும் நான் இதைத்தான் சொல்வேன். டேட்டால் அந்தப் பிழை பிடிபட்டது, ஒரு மேதையின் பெயரில் தவறான முடிவு அச்சேறாமல் போனது.

அடுத்து அந்த ஜிமெயில் முகவரிகள். இங்கே நிதானம் வேண்டும். நம் நாட்டில் நல்ல ஆய்வாளர்கள் பலரும் சொந்த மின்னஞ்சலைத்தான் பயன்படுத்துகிறார்கள், கல்லூரி முகவரி வேலை செய்யாது. மறுநாளே படித்து முடித்துவிடுகிறவர்களும் இருக்கிறார்கள். எனவே யார் மீதும் பழி சொல்லாதீர்கள். ஆனால் நீங்கள் பார்த்த அடையாளங்கள் சந்தேகப்படத் தக்கவைதான்.

தென்கொரியாவில் மருத்துவத் தாவரங்களின் வேதிப்பொருள்களை ஆராய்ந்த ஹியுங்-இன் மூன் என்பவரின் கதை உங்கள் துறைக்குப் பக்கத்தில் நடந்தது. கட்டுரை அனுப்பும்போது மதிப்பீட்டாளர்களைப் பரிந்துரைக்கச் சொல்வார்கள் அல்லவா, அங்கே அவர் சில உண்மையான பெயர்களையும் சில கற்பனைப் பெயர்களையும் கொடுத்தார். முகவரிகள் மட்டும் அவரிடமோ அவருக்கு வேண்டியவர்களிடமோ போய்ச் சேர்ந்தன. தம் கட்டுரைக்குத் தாமே மதிப்பீடு எழுதினார். அறிக்கைகளைப் படித்தால் சந்தேகமே வராது. பாராட்டு இருக்கும், இங்கே கொஞ்சம் திருத்தலாம் என்ற யோசனையும் இருக்கும். காட்டிக்கொடுத்தது வேகம்தான். பல அறிக்கைகள் 24 மணி நேரத்துக்குள் வந்துவிட்டன. பதிப்பாசிரியருக்கு உறுத்தியது, நேரடியாகக் கேட்டார், அவரும் ஒப்புக்கொண்டார். 2012இல் அவருடைய 28 கட்டுரைகள் திரும்பப் பெறப்பட்டன.

ஆகவே உங்களுக்குப் பின் இந்தக் கட்டுரையைக் கையாளப் போகிறவர் சில சிறிய வேலைகளைச் செய்ய வேண்டும். அந்த மதிப்பீட்டாளர்கள் எந்த நிறுவனத்தில் இருக்கிறார்கள் என்று அந்த நிறுவனத்தின் பக்கத்திலேயே தேடி, அங்கே உள்ள முகவரிக்கோ தொலைபேசிக்கோ தொடர்புகொண்டு, நீங்கள்தான் எழுதினீர்களா என்று கேட்கலாம். ஆய்வாளர் ஒவ்வொருவரையும் தனித்து அடையாளம் காட்டும் ஆர்கிட் எண்ணைப் பார்க்கலாம். கட்டுரையாளர்களோடு சேர்ந்து சமீப ஆண்டுகளில் எழுதியிருக்கிறார்களா என்று பார்க்கலாம். பிறகு அறிக்கையையே படிக்க வேண்டும். இந்தக் கட்டுரையின் அட்டவணை ஒன்றையோ முறையின் ஒரு படியையோ குறிப்பிட்டுப் பேசுகிறதா, இல்லை எந்தக் கட்டுரைக்கும் பொருந்தும் நாலு வாக்கியம்தானா? இப்போதெல்லாம் கையெழுத்துப் பிரதியைச் செயற்கை நுண்ணறிவுச் செயலியில் போட்டு வந்த பதிலை அப்படியே அனுப்புகிறவர்களும் உண்டு. வெளிவராத கட்டுரையை அப்படி வெளியே கொடுப்பது ரகசியக் காப்பை மீறுவது. அதையும் உங்கள் இதழின் விதியில் ஒரு வரியாகச் சேர்க்கச் சொல்லுங்கள்.

முதல்வரிடம் இதை எப்படிச் சொல்வது என்று முதன்மைப் பதிப்பாசிரியர் தயங்கினால், தைவானில் நடந்ததை அவருக்குச் சொல்லுங்கள். 2014 ஜூலையில் சேஜ் என்ற பதிப்பு நிறுவனம் ஒரே இதழிலிருந்து 60 கட்டுரைகளைத் திரும்பப் பெற்றது. தைவான் ஆய்வாளர் ஒருவர் போலிக் கணக்குகளை உருவாக்கி மதிப்பீட்டை வளைத்தது தெரியவந்திருந்தது. அந்தக் கட்டுரைகளில் சிலவற்றில் அந்நாட்டின் கல்வி அமைச்சர் சியாங் வெய்-லிங்கின் பெயரும் இணை ஆசிரியராக இருந்தது. முறைகேட்டில் தமக்குப் பங்கில்லை என்று அவர் மறுத்தார். மறுத்தும் அந்த மாதமே பதவியை விட்டு விலக வேண்டியிருந்தது. மதிப்பீடு சரியாக நடக்காத கட்டுரையால் அதிகம் அடிபடுவது அதில் பெயர் உள்ள மூத்தவர்தான். உங்கள் முதல்வர் நேர்மையானவர் என்றால், வெளியாள் ஒருவர் கையாண்ட கட்டுரை அவருக்கே பாதுகாப்பு. அப்படி எடுத்துச் சொன்னால் பெரும்பாலான முதல்வர்கள் கேட்பார்கள் என்றே நம்புகிறேன்.

துறைத் தலைவர் பெயர் அதில் இருப்பது பற்றி நீங்கள் கேட்கவில்லை. இருந்தாலும் ஒன்று சொல்கிறேன். ஆய்வுக்கூடச் சாவி யாரிடம் இருக்கிறதோ அவர் பெயரும் கட்டுரையில் போகும் வழக்கம் நம் பக்கம் வேரூன்றிவிட்டது. மருத்துவ இதழ்ப் பதிப்பாசிரியர்களின் சர்வதேசக் குழு, கட்டுரையாளர் என்று சொல்லிக்கொள்ள நான்கு நிபந்தனைகள் வைத்திருக்கிறது. ஆய்வின் திட்டத்திலோ தரவிலோ கணிசமான பங்கு, எழுதுவதில் அல்லது திருத்துவதில் பங்கு, இறுதி வடிவத்துக்கு ஒப்புதல், கட்டுரையின் ஒவ்வொரு பகுதிக்கும் பதில் சொல்லும் பொறுப்பு. நான்கும் சேர்ந்து இருக்க வேண்டும். கடைசி நிபந்தனை 2013இல் சேர்க்கப்பட்டது. யார் எதைச் செய்தார் என்று ஒரு பத்தி எழுதித் தரும்படி எல்லாக் கட்டுரையாளர்களிடமும் கேட்கும் விதியை உங்கள் இதழ் கொண்டுவரலாம். எல்லோரிடமும் கேட்டால் யாரும் தன்னைச் சந்தேகிப்பதாக நினைக்க மாட்டார்கள்.

மேற்கோள் விஷயத்தில் எனக்கு இரண்டாவது எண்ணம் இல்லை, அந்த வரியை யாருக்கும் எழுதாதீர்கள். ஒரு கட்டுரையில் முக்கியமான முன்னாய்வு விடுபட்டிருந்தால், அது உங்கள் இதழில் வந்ததாக இருந்தாலும், காரணம் சொல்லிச் சுட்டலாம். எது என்று சொல்லாமல் "நம் இதழிலிருந்து மூன்று" என்று எண்ணிக்கை கேட்பது கட்டாயப்படுத்துவது. ஏற்பு கையில் இருக்கும்போது கேட்டால் கட்டுரையாளர் மறுக்க முடியாது என்பது கேட்கிறவருக்கும் தெரியும். 2013இல் பிரேசிலின் நான்கு மருத்துவ இதழ்கள் ஒன்றையொன்று மேற்கோள் காட்டித் தாக்கக் காரணியை (ஓர் இதழின் கட்டுரைகள் சராசரியாக எத்தனை முறை மேற்கோள் காட்டப்படுகின்றன என்ற அளவு) உயர்த்திக்கொண்டது பிடிபட்டு, அவற்றின் தாக்கக் காரணியே நிறுத்திவைக்கப்பட்டது. தரம் உயர வேண்டும் என்ற ஆசையில் இறங்கியவர்கள், இருந்த தரத்தையும் இழந்தார்கள். உங்கள் முதன்மைப் பதிப்பாசிரியரின் நோக்கமும் ஸ்கோப்பஸ் என்ற சர்வதேச ஆய்விதழ்த் தரவுத்தளத்தில் இதழைச் சேர்ப்பதாக இருக்கலாம். அங்கே விண்ணப்பித்தால் இப்படித் திணித்த மேற்கோள்கள் விண்ணப்பத்தையே பலவீனமாக்கும்.

சத்தமில்லாமல் எடுத்த கட்டுரையைத் திரும்ப வைக்கச் சொல்லுங்கள். ஆம், திரும்ப வைக்க வேண்டும். புகாரை விசாரித்து, கட்டுரையாளரிடம் விளக்கம் கேட்டு, திருட்டு என்று உறுதியானால், திரும்பப் பெறப்பட்டது என்று ஒவ்வொரு பக்கத்திலும் தெரியும்படி அச்சிட்டு, யார் எந்தக் காரணத்துக்காகத் திரும்பப் பெற்றார்கள் என்ற அறிவிப்போடு அதே முகவரியில் இருக்க வேண்டும். ஏற்கனவே அதைப் பதிவிறக்கியவர்கள், தங்கள் ஆய்வேட்டில் மேற்கோள் காட்டியவர்கள் எல்லோருக்கும் தெரிய வேண்டும் அல்லவா? மாயமான கட்டுரை அவர்களை ஏமாற்றுகிறது. யாருடைய எழுத்து திருடப்பட்டதோ அவருக்கும் நியாயம் கிடைப்பதில்லை. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிமுறைகள் எழுத்துத் திருட்டை ஒற்றுமையின் அளவைக் கொண்டு நிலைகளாகப் பிரித்து, விசாரிக்க நிறுவனத்துக்குள்ளேயே குழு இருக்க வேண்டும் என்கின்றன. உங்கள் கல்லூரியிலும் அந்தக் குழு இருக்க வேண்டும். புகாரை அங்கே அனுப்புவது இதழின் கடமை.

இதற்கெல்லாம் அடியில் இருக்கும் கேள்வி, இதழ் யாருடையது என்பது. பணம் போடுவது கல்லூரி நிர்வாகம். அச்சுச் செலவு, இணையதளம், ஊழியர் எல்லாம் அவர்களுடையது. எந்தத் துறைகளில் இதழ் நடக்க வேண்டும், எத்தனை பக்கம், யார் பதிப்பாசிரியர் என்று முடிவு செய்ய அவர்களுக்கு உரிமை உண்டு. ஆனால் எந்தக் கட்டுரை வரும், எது வராது என்பதில் நிர்வாகம் தலையிடக் கூடாது. முதல்வர் நிர்வாகத்தின் ஆள் என்பதால் இந்தக் கோடு உங்கள் கல்லூரியில் மங்கிப்போயிருக்கிறது. கனடா மருத்துவச் சங்கம் 2006 பிப்ரவரியில் தன் இதழின் முதன்மைப் பதிப்பாசிரியர் ஜான் ஹோயியைப் பதவி நீக்கியது. இதழில் என்ன வரலாம் என்பதில் சங்கம் தலையிட்டதாக ஏற்கனவே உரசல் இருந்தது. அதைத் தொடர்ந்து ஆசிரியர் குழுவில் பலர் விலகினார்கள். சங்கம் பின்னர் வெளியாட்கள் குழு ஒன்றை அமைத்து, பதிப்பாசிரியரின் சுதந்திரத்துக்கு எழுத்திலேயே உத்தரவாதம் தர வேண்டியிருந்தது. உங்கள் கல்லூரியில் அவ்வளவு தூரம் போக வேண்டாம். இதழின் விதிகளில், ஏற்பதும் நிராகரிப்பதும் பதிப்பாசிரியரின் முடிவு, நிர்வாகத்துக்கு அதில் பங்கில்லை என்று இரண்டு வரி இருந்தால் போதும். அடுத்த குழுக் கூட்டத்தில் இதை முன்மொழியுங்கள். சென்ற ஆண்டு வந்தவர் என்பதே உங்களுக்கு வசதி, புதிதாக வந்தவர் விதிகள் எங்கே என்று கேட்பது இயல்பு.

காலமும் உங்களுக்குத் துணையாக இருக்கிறது. மானியக் குழு 2018 மே மாதம் தன் அங்கீகாரப் பட்டியலிலிருந்து 4,305 இதழ்களை ஒரே அடியாக நீக்கியது. பிறகு தரமான இதழ்களுக்கென்று வந்த யுஜிசி-கேர் பட்டியலையும் 2025 பிப்ரவரியில் கைவிட்டுவிட்டது. இனி இதழின் தரத்தை அந்தந்த நிறுவனமே பார்த்து முடிவுசெய்ய வேண்டும். பட்டியலில் பெயர் இருக்கிறது என்று சொல்லித் தப்பிக்க முடியாது. மதிப்பீடு எப்படி நடந்தது, ஆசிரியர் குழு யார் என்று கேட்பார்கள், காட்டக் கோப்பு இருக்க வேண்டும். பதிப்பு நெறிமுறைக் குழு என்று 1997இல் பிரிட்டனில் தொடங்கிய ஒன்று இருக்கிறது, கோப் என்று அழைப்பார்கள். மதிப்பீட்டாளர் போலி என்று சந்தேகம் வந்தால், எழுத்துத் திருட்டு தெரிந்தால், அடுத்து என்ன செய்வது என்று படிப்படியாகக் காட்டும் வரைபடங்களை அது இலவசமாக வைத்திருக்கிறது. உங்கள் இதழ் உறுப்பினராக இல்லாவிட்டாலும் அவற்றைப் பின்பற்றத் தடையில்லை. முதன்மைப் பதிப்பாசிரியரிடம் உங்கள் கருத்தாகச் சொல்வதைவிட, அந்த வரைபடத்தை அச்சிட்டு மேசையில் வைத்துப் பேசுவது எளிது.

இனி, விலகலாமா என்ற கேள்வி. உடனே வேண்டாம். உங்களைப் போல உறுத்தல் உள்ள ஒருவர் அந்த மேசையில் இருப்பது இதழுக்கு நல்லது, உங்களிடம் கட்டுரை அனுப்பிவிட்டுக் காத்திருக்கும் ஆய்வு மாணவர்களுக்கும் நல்லது. அந்தக் கட்டுரையிலிருந்து மட்டும் விலகும் கடிதத்தை இந்த வாரமே அனுப்புங்கள். மேற்கோள் வரியை எழுதாமல் விடுங்கள், கேட்டால் காரணம் சொல்லுங்கள். நடந்ததை மதிப்பீட்டாளர் பெயரோடு ஆசிரியர் அறையில் யாரிடமும் பேசாதீர்கள். ரகசியக் காப்பு உங்களையும் கட்டுப்படுத்துகிறது. மின்னஞ்சல்களை அழிக்காதீர்கள்.

உங்கள் கடிதத்துக்குப் பிறகும் அதே இரண்டு அறிக்கைகளை வைத்து, உங்களைக் கையாண்ட பதிப்பாசிரியராகக் காட்டி அந்தக் கட்டுரையை வெளியிட்டால், அப்போது விலகுங்கள். கட்டுரையின் எண்ணைக் குறிப்பிட்டு, அதை நான் கையாளவில்லை என்று விலகல் கடிதத்தில் ஒரு வரி எழுதுங்கள். கடிதம் கொடுத்ததோடு விட்டுவிடாமல், அடுத்த இதழ் வரும்போது ஆசிரியர் குழுப் பட்டியலைத் திறந்து உங்கள் பெயர் எடுக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். விலகியவர்களின் பெயரை ஆண்டுக்கணக்கில் அட்டையில் வைத்திருக்கும் இதழ்கள் இருக்கின்றன. இருந்தால் நீக்கும்படி மறுபடியும் எழுத்தில் கேளுங்கள்.